மூன்றாவது துணுக்கு

மேல் மாடியில் குடியிருக்கும் பிள்ளைகள் மூன்று பேருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டில் வைத்து, "அங்கிள், முப்பது வருசம் எங்க வேலையத்தான பாத்திருக்கீங்க, எங்களுக்கு ஏதாச்சும் சொல்லிக் குடுங்க" என்று கேட்டீர்கள். நான் சிரித்துவிட்டுத் தண்ணீர் மோட்டாரைப் போடப் போய்விட்டேன். தப்பாக நினைக்க வேண்டாம். எனக்கு நின்ற இடத்தில் பேச வராது. எழுதினால் கொஞ்சம் வரும்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. இன்டர்மீடியட்டில் கணக்கு கைவிட்டது. அப்பா ரயில்வே பட்டறையில் இருந்தார். அவருக்குத் தெரிந்தவர் மூலமாகக் கால்நடை ஆய்வுக்கூடம் ஒன்றில் பாட்டில் கழுவப் போனேன். கழுவினேன், பிறகு சதைத் துண்டுகளுக்கு மெழுகு ஊற்றினேன், பிறகு அந்த மெழுகுக் கட்டியை மெல்லிசாகச் சீவும் கத்தி மிஷினில் உட்கார்ந்தேன். ஓய்வு பெறும் வரை அந்த நாற்காலிதான். நீங்கள் பட்டம் வாங்கி வந்தவர்கள். மிஷினை எப்படி ஓட்டுவது, சாயம் எத்தனை நிமிடம் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை நான் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். அந்த நாளில் தப்பு செய்தது நான்.

அதற்கு முன் நுரையீரல் பற்றி இரண்டு வார்த்தை. நீங்கள் இப்போது எலி நுரையீரல்தான் அதிகம் வெட்டுகிறீர்கள் என்று சொன்னீர்கள். எலி, ஆடு, எருமை, மனுசன் எல்லாம் ஒரே மாதிரி. மைக்ராஸ்கோப்பின் சின்ன லென்ஸில் வைத்தால் பூப்பின்னல் போட்ட துணி போல இருக்கும். மெல்லிய சுவர், நடுவில் காற்றுப் பை, மறுபடி சுவர். காற்று உள்ளே போய், வந்த வழியே திரும்பும். அதனால்தான் ஃபார்மலினில் போட்டால் அந்தத் துண்டு மூழ்காமல் மிதக்கும். பஞ்சு வைத்து அமுக்குவோம்.

கோழி வேறு. அதன் நுரையீரல் ஊதிச் சுருங்காது. விலா எலும்புக்குள் பதிந்து, எலும்பின் தடத்தை முதுகில் வாங்கிக்கொண்டு கிடக்கும். லென்ஸில் வைத்தால் தேனடை. ஆறு மூலைக் கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் வட்டமான ஒரு குழாய். காற்று ஒரு பக்கம் நுழைந்து இன்னொரு பக்கம் போய்க்கொண்டே இருக்கும். மூச்சுக்குழாயும் அப்படித்தான். ஆட்டுக்கு, எருமைக்குக் குருத்தெலும்பு பின்பக்கம் திறந்த வளையம். கோழிக்கு முழு வளையம், கைவளையல் போல. ஒரு தடவை பார்த்துவிட்டால் சின்னக் குழந்தைகூட இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அது குளிர்காலம். எனக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. உங்கள் ஆன்ட்டி தவறி அது மூன்றாவது வருடம். மகன் அமெரிக்கா போய்விட்டான். நம் அல்வாலிலிருந்து பஸ் ஏறுவேன். எத்தனை சோப்புப் போட்டாலும் சட்டையில் ஃபார்மலின் வாசனை இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தவர் இரண்டு ஸ்டாப் பார்ப்பார், மூக்கைத் தேய்ப்பார், எழுந்து போய் நின்றுகொள்வார். எனக்குப் பழகிவிட்டது. ஆய்வுக்கூடத்திலும் கத்தி அறையில் நான் ஒருவன்தான். மின்விசிறி போட முடியாது, போட்டால் கத்தியிலிருந்து வரும் மெழுகுச் சீவல், ரிப்பன் என்போமே, அது பறந்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் நாள் முழுக்க மிஷின் சக்கரம் சுற்றும் சத்தம்தான்.

வாரத்தில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு மகன் போன் செய்வான். அவனுக்கு அங்கே படுக்கப் போகும் நேரம். அதுதான் அந்த வாரத்தில் எனக்கு வரும் ஒரே போன்.

அன்று மேசையில் இரண்டு மெழுகுக் கட்டிகள். முதலாவது ஓர் எருமைக் கன்றின் நுரையீரல். மருந்து புகட்டும்போது மூச்சுக்குழாயில் ஏறி, சளி பிடித்து, பூஞ்சை பரவிச் செத்த கன்று. மாணவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்தோம். இரண்டாவது அவசரக் கட்டி. ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் ஒரே இரவில் கோழிக்குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடந்தன. அதில் ஒரு குஞ்சின் நுரையீரல் ஒரு துண்டு, மூச்சுக்குழாய் ஒரு துண்டு. மொத்தம் இரண்டு துண்டுகளை நானே என் கையால் மெழுகில் வைத்தேன்.

பண்ணைக்காரர் முந்தின நாளே வந்திருந்தார். அன்றும் காலையிலேயே வந்துவிட்டார். கூடவே ஒரு பெண்ணையும் கூட்டி வந்திருந்தார். அவள் வராந்தா பெஞ்சில் உட்காராமல் சுவரோரம் நின்றாள். நான் டீ குடிக்கப் போகும்போது பண்ணைக்காரர் யாரிடமோ போனில் தெலுங்கில் பேசியதில் "செல்வி" என்ற பேர் காதில் விழுந்தது.

"தமிழாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாங்கண்ணா! ராசிபுரத்துக்குப் பக்கங்க." அவள் முகம் ஒரு நொடி வெளிச்சமாகிவிட்டு மறுபடி அணைந்தது. "குஞ்சு ஷெட்டுல உமி பரப்புனது நானுங்க. ஈர உமியப் போட்டேன், பூஞ்சை புடிச்சு செத்துப்போச்சுன்னு மொதலாளி சொல்றாரு. கையில அள்ளிப் பாத்துத்தானுங்க போட்டேன். பொறுபொறுன்னு காஞ்சிருந்துச்சு. டாக்டரம்மா பாத்து என்ன சொல்றாங்களோ அதுதானாம். உமி மேல தப்புன்னா நானும் எங்கூட்டுக்காரரும் இன்னிக்கே பண்ணை ரூமைக் காலி பண்ணோணுமாம்."

"பயப்படாதம்மா. கண்ணாடி ஸ்லைடுல இருக்கிறதுதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அப்படிச் சொன்னது இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கன்றின் கட்டியை வெட்டினேன். ரிப்பனை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏந்தினேன். அப்புறம் செய்ய வேண்டியது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் மேலே டிஷ்யூ பேப்பரை ஒரு இழுப்பு இழுத்து, மிச்சம் மீதித் துணுக்கை எடுத்துவிட வேண்டும். பிறகுதான் அடுத்த கட்டி. பேப்பரைக் கையில் எடுத்தேன். போன் அடித்தது.

"நான்னா, பாகுன்னாவா?" என்று நலம் கேட்டான் மகன். இங்கே பள்ளிக்கூடத்தில் படித்ததிலிருந்து அவன் தெலுங்கில்தான் பேசுவான். நான் தமிழில் பதில் சொல்வேன். எங்கள் வீட்டுப் பேச்சு அப்படி.

"நல்லா இருக்கேன்டா. சாப்பிட்டியா?"

பனி பெய்கிறது என்றான். கார் மாற்றப் போகிறேன் என்றான். ஐந்து நிமிடம்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கையிலிருந்த பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த கட்டியை மிஷினில் மாட்டினேன். போனை வைத்தபோது மனசு நிறைந்திருந்தது. அதே நிறைவோடு கோழிக்குஞ்சின் ரிப்பனைத் தண்ணீரில் விட்டேன்.

அப்போது எங்கள் டாக்டர் ஒரு மேடம். மாற்றலில் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. என் மகன் வயதுதான் இருக்கும். கெட்டிக்காரர், ஆனால் பண்ணைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்து மணியைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கை நிதானமாக ஓடும்? சாயம் போட்ட ஸ்லைடை நான் கொண்டுபோய் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பண்ணைக்காரரின் குரல் கேட்டது. "நேனு செப்பலேதா மேடம்? நான் அப்பவே சொன்னேன் இல்ல?"

பூஞ்சை. மேடம் பெரிய லென்ஸில் பார்த்திருக்கிறார், இழை இழையாகத் தெரிந்திருக்கிறது. எழுதிக் கொடுப்பதற்கு முன் வாயால் சொல்லிவிட்டார். பண்ணைக்காரர் வராந்தாவுக்கு வந்து செல்வியைப் பார்த்தார். "சாயந்திரத்துக்குள்ள ரூம் காலியா இருக்கணும்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, ரிப்போர்ட் டைப் ஆகும் வரை டீ குடிக்கக் கீழே இறங்கிப் போனார். செல்வி அழவில்லை. முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனாள்.

ஸ்லைடைத் தட்டில் அடுக்குவது என் வேலை. எடுத்தேன். பழக்கதோசத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். கண்ணாடியில் மூன்று துணுக்குகள் இருந்தன.

நான் வைத்தது இரண்டு.

மெழுகுக் கட்டியை எடுத்துப் பார்த்தேன். வெட்டிய முகத்தில் இரண்டே இரண்டு துண்டு. மறுபடி ஸ்லைடைப் பார்த்தேன். நகத்தின் நுனி அளவில் மூன்றாவது ஒன்று. அப்போதுதான் மேசையோரம் நனையாமல் கிடந்த டிஷ்யூ பேப்பர் கண்ணில் பட்டது.

கத்தி அறையில் ஒரு பழைய மைக்ராஸ்கோப் உண்டு. சின்ன லென்ஸைப் போட்டேன். முதல் துண்டு தேனடை. இரண்டாவது வளையல் போல முழு வளையம். மூன்றாவது பாதிக்கு மேல் வீங்கி அடைபட்டுக் கிடந்தது, ஆனால் ஓரத்தில் கொஞ்சம் நல்ல இடம் மிச்சம் இருந்தது. அங்கே பூப்பின்னல். அந்தத் துணுக்கில்தான் பூஞ்சை. தேனடையில் ஒரு இழைகூட இல்லை.

பெரிய லென்ஸில் நேராகப் போனால் இழை மட்டும்தான் தெரியும், யாருடைய நுரையீரல் என்று தெரியாது. மேடம் மேல் தப்பில்லை. நான் வைத்ததைத்தானே அவர் பார்ப்பார்?

யூசுப் பாய் பாட்டில் எடுக்க உள்ளே வந்தார். என் கூடவே வேலைக்குச் சேர்ந்தவர், ஸ்டோரில் இருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். காட்டினேன். அவருக்கும் பார்க்கத் தெரியும்.

"ஹவ், ஆமா" என்று தலையாட்டினார். பிறகு கதவைச் சாத்தினார். "நக்கோ மியா, வேணாம். சொல்லாதே. கைக்கு, எதுக்குச் சொல்லணும்? மேடம் வாயால சொல்லிட்டாங்க. இப்ப நீ போய் நின்னா அவங்களுக்கும் அவமானம், உனக்கும் மெமோ. ரெண்டு வருசம்தான் இருக்கு உனக்கு. யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் சொன்னது உண்மை. யாருக்கும் தெரியாது. ரிப்போர்ட்டில் நம் பேர் இருக்காது. நாம் செய்த நல்லதும் அதில் இருக்காது, கெட்டதும் இருக்காது. ஒரு நிமிடம் அந்த யோசனை எனக்குச் சுகமாகக்கூட இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஸ்லைடைக் கழுவிவிட்டு, புதிதாக ஒன்று வெட்டி, பேசாமல் தட்டில் வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் வெளியே டைப் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்லைடு மாறினாலும் காகிதத்தில் பூஞ்சைதான் இருக்கும். அந்தக் காகிதத்தோடுதான் செல்வி ரூமுக்குத் திரும்புவாள்.

ஸ்லைடைக் கழுவவில்லை. அதையும் கட்டியையும் எடுத்துக்கொண்டு மேடம் அறைக்குப் போனேன்.

"மேடம், ஒரு தடவை சின்ன லென்ஸில பாருங்க."

"பாத்தாச்சே."

"கண்ணாடியில மூணு துண்டு இருக்கு மேடம். நான் வச்சது ரெண்டு."

அவர் பேனாவை மூடினார். ஸ்லைடை வாங்கி வைத்துக் குனிந்தார். காதோரம் சிவந்துகொண்டு வந்தது.

"இது கோழியே இல்லையே."

"இல்லை மேடம். காலையில வெட்டின எருமைக் கன்று."

"தண்ணிய இழுக்கலையா?"

"இல்லை மேடம்."

"ஏன்?"

கரண்ட் போச்சு என்று சொல்லியிருக்கலாம். பேப்பர் தீர்ந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாம். "போன் வந்தது" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய் டைப் அடிப்பதை நிறுத்தச் சொன்னார். பியூனை அனுப்பிப் பண்ணைக்காரரைக் காத்திருக்கச் சொன்னார். என் பக்கம் திரும்பாமல், "புதுசா வெட்டுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். அவ்வளவு வருடத்தில் நான் வெட்டும்போது பக்கத்தில் ஒருவர் காவல் நின்றது அன்று ஒரு நாள்தான். தொட்டித் தண்ணீரையே கொட்டிவிட்டு மாற்றினேன். வெட்டினேன். சாயம் போட்டேன். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

புது ஸ்லைடில் இரண்டே துண்டு. பூஞ்சை இல்லை. தேனடை முழுக்க ரத்தம் கட்டிச் சிவந்து கிடந்தது. மேடம் கன்றின் ஸ்லைடு, பழைய ஸ்லைடு, புது ஸ்லைடு மூன்றையும் சின்ன லென்ஸில் ஆரம்பித்துப் பார்த்துவிட்டு, பண்ணைக்காரரைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ராத்திரி ஷெட்டுல சூட்டுக்கு என்ன வச்சிருந்தீங்க?"

"கரி அடுப்பு."

"ஷெட்டோட பக்கவாட்டுத் திரை?"

அவர் மணியைப் பார்த்தார். கதவருகில் நின்ற செல்விதான் மெதுவாகச் சொன்னாள். "குளுருதுன்னு நாலு பக்கமும் எறக்கிக் கட்டச் சொன்னாருங்க."

"பறவைக்குப் புகை நம்மைவிடச் சீக்கிரம் ஏறும். புகையாத்தான் இருக்கும்னு இதை மட்டும் வச்சு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா பூஞ்சை இல்லை. உமி மேல தப்பு இல்லை. நான் முதல்ல சொன்னது தப்பு" என்றார் மேடம். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் என் பக்கம் கை காட்டவில்லை. அதை நான் மறக்கவில்லை.

பண்ணைக்காரர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, செல்வியைப் பார்க்காமல், "பதா, போவோம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கப் போனார்.

நான் படியில் நின்றுகொண்டிருந்தேன். செல்வி வந்தாள்.

"ஏனுங்கண்ணா, மொதல்ல தப்பா வந்துச்சுல்ல, அது யாராலங்க?"

"என்னாலதாம்மா."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப திரும்பப் பாக்கச் சொன்னது?"

"அதுவும் நான்தான்."

கையெடுத்துக் கும்பிடுவாள் என்று மனசுக்குள் ஓர் அற்ப ஆசை இருந்திருக்க வேண்டும். அவள் கும்பிடவில்லை. கையில் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மரத்தடியில நின்னு எம்புள்ளைக்குப் போன் பண்ணிட்டேனுங்கண்ணா. ஊருல ஹாஸ்டல்ல படிக்கிறா. அம்மாவும் அப்பாவும் நாளைக்கு ஊருக்கே வந்தர்றோம், இனிமே உங்கூடத்தான் இருப்போம்னு சொல்லிட்டேன். புள்ள குதிச்சுதுங்க. வார்டன் போனுல பேசுறோம்னுகூட இல்லாம குதிச்சுது."

நான் ஒரு படி கீழே இறங்கினேன்.

"இப்ப இல்லைன்னு சொல்லோணும்" என்றாள். சொல்லிக்கொண்டே பட்டனை அழுத்திவிட்டாள். அங்கே யாரோ எடுத்து, குழந்தையைக் கூப்பிடும் வரை காத்திருந்தாள். "இல்ல கண்ணு, வரல. அம்மாவுக்கு வேலை இருக்குது. இல்ல, நாளான்னைக்கும் இல்ல. வேலை இருக்குது கண்ணு." வண்டி ஹார்ன் அடித்தது. போனைக் காதில் வைத்தபடியே ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

எனக்கு மெமோ வந்தது. பதில் எழுதிக் கொடுத்தேன். மேடம் அதற்கப்புறம் வேலைக்கு வேண்டிய வார்த்தை தவிர என்னிடம் பேசவில்லை. ஆனால் எந்த ஸ்லைடு வந்தாலும் முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் துண்டு எண்ணுவார். யூசுப் பாய் கொஞ்ச நாள் என்னை "பாகல்", பைத்தியம் என்று கூப்பிட்டார், அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று. சாப்பாட்டு நேரத்தில் நான் கத்தி அறையிலேயே டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டேன்.

அந்த ஸ்லைடு என்னிடம் இருக்கிறது. பதிவேட்டில் கெட்டது என்று எழுதி, மேடத்திடம் கேட்டுத்தான் எடுத்து வந்தேன். உங்களிடம் மைக்ராஸ்கோப் கிடைத்தால் கீழே வந்து வாங்கிப் போங்கள். தேனடை ஒரு பக்கம், வளையல் ஒரு பக்கம், நடுவில் சம்பந்தமே இல்லாத ஊரில் வந்து ஒட்டிக்கொண்ட அந்தச் சின்னப் பின்னல். தப்புக்கு அடையாளம் என்று வைத்திருந்தாலும், பார்க்கும்போதெல்லாம் அதன் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம்தான் வரும்.

நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். துண்டு எண்ணுங்கள். சின்ன லென்ஸில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். தப்பு தெரிந்தால், காகிதம் வெளியே போவதற்குள் போய் நில்லுங்கள். கத்தி ஓடும்போது போனை எடுக்காதீர்கள்.

கடைசியாகச் சொன்னதில் ஒரு பாதி பாக்கி இருக்கிறது. மறுநாளிலிருந்து நான் போனை அணைத்து மேசை இழுப்பறையில் போட்டுவிடுவேன். மகன் பதினோரு மணிக்குக் கூப்பிட்டிருக்கிறான். மூன்று வாரம், நான்கு வாரம் கூப்பிட்டிருக்கிறான். சாயந்திரம் பார்க்கும்போது அவனுக்கு அங்கே விடிந்திருக்காது. பிறகு நேரம் ஒத்துவரவில்லை. பிறகு பண்டிகைக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. ஏன் எடுக்கவில்லை என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் அவன் போனால்தான் தப்பு நடந்தது என்று ஆகிவிடுமோ என்று பயம்.

உங்கள் மூன்று பேருக்கும் ஊரில் அம்மா இருக்கிறார்கள். இன்றைக்கே கூப்பிட்டு, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை எடுக்க மாட்டேன், கத்தியில் இருப்பேன் என்று சொல்லிவிடுங்கள். செல்வி படியில் நின்று இரண்டு தரம் சொன்னாளே, வேலை இருக்குது கண்ணு என்று, அந்த ஒரு வார்த்தையை நான் என் பிள்ளையிடம் சொல்லவில்லை.

இப்போது பதினோரு மணிக்கு நான் வீட்டில்தான் இருக்கிறேன், போனை அணைக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு.